வெங்காயம் செய்த வேலையை எது செய்யும்?

(மகாவீர ஜெயந்தி விழாவில், பிற்பகல் மகளிர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இதே மேடையில் நீலகேசி பற்றியும் மேருமந்தர புராணம் பற்றியும் முன்னர்ப் பேசியிருக்கிறேன். இவ்வாண்டு, “வீட்டில் செய்யும் எளிய காரப் பலகாரங்களைப் பற்றிப் பேசுங்கள்; ஏதேதோ சோதனை செய்து குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறீர்களாமே” என்று பொறுப்பாளர்கள் கேட்டார்கள். தமிழாசிரியர் வாயால் அடையும் கொழுக்கட்டையுமா என்று உங்களுள் சிலர் எண்ணலாம். எனக்கோ இரண்டும் ஒரே பாடமாகவே தோன்றுகின்றன. ‘வந்தேன்’ என்று ஒருவர் சொன்னால் ‘நான்’ என்னும் சொல் அங்கே இல்லை. ஆயினும் பொருள் குறைவதில்லை. ‘நான்’ செய்யவேண்டிய வேலையை, வினைமுற்றின் இறுதியில் நிற்கும் ‘ஏன்’ என்னும் விகுதி செய்துவிடுகிறது. தோன்றா எழுவாய் என்று வகுப்பில் நடத்துவோம். சமையலில் ஒரு பொருளை நீக்கும்போதும் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். அது அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது? அவ்வேலையை இனி எது செய்யும்?

இக்கேள்வியை நான் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், நம் குடும்பங்களுள் ஒன்றில் மருமகளாக வந்த பெண் ஒருத்தி ஆலயத்தில் என் அருகில் அமர்ந்து மெல்லச் சொன்னாள்: “அத்தை, என் சமையலில் வாசனையே இல்லையாம். அவர் வேலை முடிந்து வரும் வழியிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறார். பொழுது சாய்வதற்கு முன் நான் மட்டும் தனியாக உண்கிறேன்.” அவள் கணவர் நம் நெறியை மறுத்தவரல்லர். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் தவறாமல் ஆலயத்துக்கு வருபவர். மாலைப் பசி நேரத்தில், தெருமுனைக் கடையில் வெங்காயம் வதங்கும் மணம் அவரை நிறுத்திவிடுகிறது; அவ்வளவே. இரவு உண்ணாமையும் கிழங்கு விலக்கும் நம் வீடுகளில் பெரும்பாலும் இந்த வழியில்தான் நழுவுகின்றன. வாதத்தில் தோற்று அவற்றைக் கைவிட்டவர் எவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: “நாவை அடக்கச் சொல்வது நம் அறம். நீங்கள் நாவுக்கு விருந்து சமைக்கச் சொல்கிறீர்களே?” அவர்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு, அவர் உபவாசம் இருப்பதையும் அறிவேன். ஆனால் முனிவர்க்கு மகாவிரதமும் இல்லறத்தார்க்கு அணுவிரதமும் என்று இரண்டாக வகுத்தவர்கள் நம் ஆசாரியர்களே. இல்லறத்தார் வீட்டில் பத்து வயதுப் பேரனும் இருப்பான், பசியோடு வேலையிலிருந்து திரும்பும் மகளும் இருப்பாள். உப்புச் சப்பற்ற ஒரு கூட்டை அவர்கள்முன் வைத்து, ‘இதுதான் தருமம்’ என்று சொல்வது தருமத்துக்குச் செய்யும் நன்மை ஆகாது. இன்னொன்றும் உண்டு. விலக்கு என்பது வீட்டுப் பெண்ணை இன்னும் ஒரு மணி நேரம் அடுப்பின் முன் நிறுத்துவதாக இருந்தால், அடுத்த தலைமுறைப் பெண் அதை ஏற்கமாட்டாள். ஏற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆதலின் என் சோதனைகளுக்கு நானே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன்: அடுப்பை மூட்டியது முதல் தட்டில் வைப்பது வரை முப்பது நிமிடத்துக்குமேல் ஆகும் எதையும் குறிப்பேட்டில் ஏற்றுவதில்லை. ஊறவைக்கும் நேரம் இக்கணக்கில் சேராது.

முதலில் எதை, ஏன் விலக்குகிறோம் என்பதைச் சிறிது நினைவுபடுத்திக்கொள்வோம். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், விலக்கத்தக்கனவற்றைச் சொல்லும் இடத்தில் முள்ளங்கி, ஈரமான இஞ்சி, வெண்ணெய், வேப்பம்பூ முதலியன எண்ணப்படுகின்றன. அங்கே தரப்படும் காரணம் என் மனத்தில் தங்கிய ஒன்று. பயன் சிறிதாகவும் உயிர்க்கேடு பெரிதாகவும் இருப்பவற்றை விடுக என்பதே அதன் கருத்து. கிழங்கு ஒன்றிலேயே எண்ணிறந்த உயிர்கள் குடியிருக்கின்றன என்பதும், அதைத் தோண்டும்போது செடி முழுதும் மாய்கிறது, மண்ணில் வாழும் சிற்றுயிர்களும் மாய்கின்றன என்பதும் நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவை. ‘ஈரமான இஞ்சி’ என்று சொல்லியிருப்பதையும் கவனியுங்கள். அந்த அடைமொழியால்தான் உலர்ந்த சுக்குக்கு நம் அடுக்களையில் இடம் கிடைக்கிறது. உலர்ந்த மஞ்சளும் அவ்வாறே ஏற்கப்படுகிறது. வேப்பம்பூவைப் பொறுத்தவரை நம் குடும்பங்களின் வழக்கம் ஒன்றாக இல்லை. சித்திரை முதல் நாள் பச்சடியில் இடுவோரும் உளர், இடாதோரும் உளர். அதற்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. கைப்புச் சுவைக்கு வெந்தயமும் பாகலும் இருக்கின்றன என்று மட்டும் சொல்வேன்.

இனி வெங்காயத்துக்கு வருவோம். அது ஒரு வேலையை மட்டும் செய்வதன்று. குறைந்தது நான்கு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. எண்ணெயில் விழுந்ததும் எழும் மணம் ஒன்று. வதங்கும்போது விடும் நீரும் மெல்லிய இனிப்பும் மற்றொன்று. குழம்பிலும் குருமாவிலும் கரைந்து சாற்றுக்குக் கெட்டித்தன்மை தருவது மூன்றாவது. பொன்னிறமாகச் சிவக்கும்போது வரும் வறுவல் சுவை நான்காவது. “வெங்காயத்துக்குப் பதில் என்ன போடலாம்?” என்று நாம் ஒருமையில் கேட்கிறோம். ஒரே பொருளைத் தேடுவதால் விடை கிடைப்பதில்லை. வேலைகளைப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஆள் கிடைக்கிறது.

மணத்துக்குப் பெருங்காயம். இதை நாம் அனைவரும் அறிவோம். பயன்படுத்தும் முறையில்தான் கவனம் வேண்டும். வெங்காயத்தின் மணமும் பெருங்காயத்தின் மணமும் கந்தகம் கலந்த பொருள்களால் வருபவை. ஆகவேதான் ஒன்று மற்றொன்றை நினைவூட்டுகிறது. பெருங்காயம் சூடான எண்ணெயில் பொரிந்தால்தான் அதன் முரட்டு நெடி அடங்கி நறுமணமாகிறது. கொதிக்கும் குழம்பின்மேல் தூவினால் அந்த மாற்றம் நிகழாது. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவும் கோந்தும் கலந்திருப்பதால், அளவு சற்றுக் கூடுதலாகவே வேண்டும். கட்டிப் பெருங்காயமாயின் மிளகளவு போதும். எண்ணெயில் போட்டு, பொரிந்ததும் கரண்டியால் நசுக்கிவிடுங்கள். பெருங்காயச் செடியின் வேர்த்தலையைக் கீறி, வடியும் பாலை உலர்த்தி எடுக்கும் பிசின் இது. நெடுங்காலமாக ஈரான், ஆப்கானித்தான் நாடுகளிலிருந்தே நமக்கு வந்துகொண்டிருக்கிறது. 2020ஆம் ஆண்டில்தான் இமாசலப் பிரதேசத்து லாகௌல் பள்ளத்தாக்கில் நம் நாட்டு அறிவியலார் இச்செடியை நட்டுத் தொடக்கம் செய்தார்கள். வேரிலிருந்து வடிவது என்பதால் இதையும் வேண்டா என்போர், எண்ணெயில் மிளகையும் சீரகத்தையும் ஒன்றிரண்டாகப் பொடித்துப் போட்டு, கறிவேப்பிலையைக் கையால் கிள்ளிச் சேர்க்கலாம். மணம் வேறாக இருக்கும். ஆனால் மணம் இருக்கும்.

நீருக்கும் மெல்லிய இனிப்புக்கும் சுரைக்காய். முட்டைக்கோசு பலரும் சொல்லும் மாற்று. அது மூடிய பாத்திரத்தில் அதிக நேரம் வெந்தால் ஒரு வாடை எழும்; மழைக்காலத்தில் அதன் இலைமடிப்புகளுள் பூச்சியும் மிகுதி, கண்ணில் படுவதும் அரிது. இளஞ்சுரைக்காயைத் தோல் சீவித் துருவினால் இந்த இரண்டு இடையூறும் இல்லை. வெள்ளைப்பூசணியும் ஆகும், ஆனால் அது விடும் நீர் அதிகம். அடைமாவில் ஒரு டம்ளர் சுரைத் துருவல் சேர்த்தால், வெங்காயம் சேர்த்த அடைக்குரிய மென்மை அப்படியே வருகிறது. துருவலைப் பிழியவேண்டா, மாவை அரைக்கும்போது தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டித்தன்மைக்கு எங்கள் வடாற்காட்டு மண்ணே விடை வைத்திருக்கிறது. மல்லாட்டையைச் சொல்கிறேன். வேர்க்கடலை, நிலக்கடலை என்று எழுதினாலும் வந்தவாசிப் பக்கத்தில் பிறந்தவர் வாயில் அது மல்லாட்டைதான். மணிலாக்கொட்டை என்பது மருவி வந்த பெயர். பெயரிலேயே அதன் வெளிநாட்டுப் பயணம் இருக்கிறது. தென்னமெரிக்காவில் பிறந்த பயிர் அது. மண்ணுக்குள் விளைவதை உண்ணலாமா என்று இளையோர் என்னிடம் கேட்பதுண்டு. நம் குடும்பங்களில் நிலத்தில் இறங்கி வேலை செய்தவர்கள் இதற்கு விடை அறிவார்கள். மல்லாட்டைப் பூ மண்ணுக்குமேல்தான் பூக்கிறது, மேலேயே கருவுறுகிறது. அதன்பின் பூவின் அடியிலிருந்து ஒரு விழுது நீண்டு, வளைந்து, மண்ணுக்குள் இறங்கி, அங்கே காயாகிறது. விழுது இறங்கும் அந்தப் பருவத்தில்தான் மண் அணைக்கிறோம். ஆகவே அது காயும் விதையும். வேரோ கிழங்கோ அன்று. நம் மூத்தோர் அதை விலக்காமல் பயிரிட்டும் உண்டும் வந்ததில் தாவரவியல் முரண் ஏதுமில்லை.

நான்கு பேர்க்கான குருமாவுக்கு, வறுத்துத் தோல் நீக்கிய மல்லாட்டை மூன்று மேசைக்கரண்டி, தேங்காய்த் துருவல் மூன்று மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை ஒரு மேசைக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி, பச்சைமிளகாய் மூன்று ஆகியவற்றை நைய அரைத்துக்கொள்ளுங்கள். அவரை, பீன்ஸ், பச்சைப்பட்டாணி, சௌசௌ ஆகியவை வெந்தபின் இவ்விழுதைச் சேர்த்து, ஐந்து நிமிடம் கொதித்ததும் இறக்கலாம். இதற்குமேல் கொதித்தால் மல்லாட்டையின் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும். பொட்டுக்கடலையை விட்டுவிட்டு ஒருமுறையும், மல்லாட்டையை விட்டுவிட்டு ஒருமுறையும் செய்து பார்த்தேன். பொட்டுக்கடலை இல்லாதது ஆறியதும் நீர்த்துவிடுகிறது. மல்லாட்டை இல்லாதது கெட்டியாக இருந்தாலும் சுவையில் ஆழம் இல்லை. இரண்டும் சேர்ந்திருக்கவேண்டும் என்பது அவ்வாறு தெரிந்துகொண்டதே.

வறுவல் சுவைக்குத் தனியாவும் கொப்பரையும். இரண்டையும் குறைந்த தீயில், தனியா சிவந்து கொப்பரை பழுப்பாகும் வரை வறுத்தால், வெங்காயம் சிவக்கும்போது வரும் சுவையின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. இதைக் கொண்டு நான் வைத்திருக்கும் பொடி ஒன்று: தனியா நான்கு மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு இரண்டு, துவரம்பருப்பு ஒன்று, துருவிய கொப்பரை இரண்டு, மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் ஆறு. தனித்தனியே வறுத்துக் கொரகொரப்பாகத் திரித்துக்கொள்வது. புடலங்காய், கொத்தவரை, வாழைத்தண்டு, எந்தப் பொரியலாக இருந்தாலும் இறக்கும் முன் இரண்டு தேக்கரண்டி தூவினால் போதும். அந்த மருமகள் பெண்ணுக்கு நான் முதலில் கொடுத்தது இந்தப் பொடியைத்தான். சமையலில் வேறெதையும் மாற்றச் சொல்லவில்லை.

பொடியைக் கொஞ்சமாகவே திரியுங்கள். நம் திகம்பர மரபில் மாவுக்கு மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என்று காலவரையறை சொல்வார்கள். ஈரக்காற்றில் மாவு விரைவில் பூச்சி பிடிக்கும் என்பதை அறிந்து வைத்த கணக்கு என்றே நான் கருதுகிறேன். வறுத்த பொடிக்கும் நான் அதையே பின்பற்றுகிறேன். மேலே சொன்ன அளவு எங்கள் வீட்டில் ஐந்து நாளில் தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் பாதியாகத் திரிப்பேன். புதிதாகத் திரித்த பொடிக்கும் மாதக்கணக்கில் இருக்கும் பொடிக்கும் உள்ள மண வேறுபாட்டை நான் சொல்லத் தேவையில்லை.

உருளைக்கிழங்கைப் பற்றி மிகுதியாகச் சொல்லப்போவதில்லை. அதன் இழப்பை நாம் பெரிதாக எண்ணவேண்டியதில்லை என்பது என் கருத்து. உருளைக்கிழங்கும் மிளகாயும் தக்காளியும் போர்ச்சுகீசியர் காலத்துக்குப் பின் இந்நாட்டுக்கு வந்தவை. சங்க இலக்கியத்தில் ‘கறி’ என்னும் சொல் மிளகைக் குறிக்கும். புதிதாக வந்த காயை, மிளகு போலக் காரமாக இருந்ததால் ‘மிளகாய்’ என்றார்கள். உருளைக்கிழங்கு இல்லாமலேயே நம் முன்னோர் பல நூறு ஆண்டுகள் சமைத்து உண்டிருக்கிறார்கள். இருப்பினும் போண்டா கேட்கும் பேரன்களுக்காக ஒன்று: வாழைக்காயைத் தோலுடன் இரண்டாக வெட்டி, ஆவியில் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து, ஆறிய பின் தோலுரித்துத் துருவுங்கள். சூட்டோடு பிசைந்தால் பசையாகிவிடும். வாழைக்காய் ஆற ஆற இறுகும் இயல்புடையது. ஆதலின் இரண்டு காய்க்குக் கால் டம்ளர் பாசிப்பருப்பை மலர வேகவைத்து அதனுடன் சேர்த்துக்கொள்ளவேண்டும். எலுமிச்சைச் சாறு, பச்சைமிளகாய், கொத்துமல்லி, பெருங்காயத் தாளிப்பு ஆகியவற்றுடன் உருட்டி, கடலைமாவில் தோய்த்துப் பொரித்தால், சுடச்சுட உண்ணும் வரை குறை சொல்வதற்கில்லை. பள்ளிக்குக் கொடுத்தனுப்ப இது ஏற்றதன்று, மதியத்துக்குள் கல்லாகிவிடும்.

இஞ்சிக்குச் சுக்கு என்று முன்பே சொன்னேன். அளவில் எச்சரிக்கை வேண்டும். இஞ்சி உலரும்போது அதன் காரப்பொருளிலிருந்து நீர் பிரிந்து, ஷோகயோல் என்னும் மேலும் காரமான பொருள் உண்டாகிறது. (இஞ்சியைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மொழியாசிரியருக்கு இத்தகைய செய்திகளைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.) நான்கு பேர்க்கான உப்புமாவில் ஒரு சிறு துண்டு இஞ்சி செய்த வேலைக்குக் கால் தேக்கரண்டி சுக்குப்பொடி போதும். எண்ணெயில் போட்டால் கருகிக் கசக்கும். ஆதலின் தண்ணீர் கொதிக்கும்போது சேர்க்கவேண்டும்.

இதுவரை சொன்னவை சுவை பற்றியவை. இனி நேரம்.

நம் ஊர்ப்பக்கம் நவம்பரில் 5.40 அளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. சூலை மாதத் தொடக்கத்தில் 6.40 ஆகிறது. மறைவுக்கு இரண்டு நாழிகை முன்னரே, அதாவது 48 நிமிடம் முன்னரே, உண்டு முடிப்பவர்களுக்கு நவம்பரில் ஐந்து மணிக்கு முன்பே அடுப்பு அணைந்தாகவேண்டும். ஐந்தரைக்குப் பணிமனையை விட்டுப் புறப்படும் பெண்ணுக்கு இது எப்படி இயலும்? வீட்டில் வந்து சமைப்பது என்றால் இயலாது. ஆதலின் மாலை உணவு அவளுடன் பணிமனைக்கே செல்லவேண்டும். நான்கரைக்கு அங்கேயே உண்ணத்தக்கதாக இருக்கவேண்டும். ஆறினாலும் சுவை கெடாதது, கையில் எடுத்தால் ஒட்டாதது, சக உழியர்க்கும் ஒன்று கொடுக்கத் தக்கது. இத்தனை நிபந்தனைகளையும் வைத்துப் பார்த்ததில் முதலிடம் பெற்றது பழைய பிடி கொழுக்கட்டைதான்.

பச்சரிசி ஒரு டம்ளர், துவரம்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, மிளகு, சீரகம் ஒவ்வொரு தேக்கரண்டி. கழுவித் துணியில் உலர்த்தி ரவையாக உடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, இரண்டேகால் டம்ளர் தண்ணீர் விட்டு, உப்பும் கால் டம்ளர் தேங்காய்த் துருவலும் சேர்த்து, கொதித்ததும் ரவையைத் தூவிக் கிளறி மூடவேண்டும். முக்கால் பதம் வெந்ததும் இறக்கி, கைபொறுக்கும் சூட்டில் பிடித்து, ஆவியில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். தண்ணீரை இரண்டு டம்ளர் வைத்துச் செய்தால் சூடாக இருக்கும்போது நன்றாக இருக்கிறது, மாலைக்குள் விறைத்துவிடுகிறது. இரண்டரை வைத்தால் பிடிக்க வருவதில்லை. எடுத்துச் செல்வதற்கு இரண்டேகாலே சரியான அளவு. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயைக் கடைசியில் விட்டுப் பிசைந்தால் இன்னும் சிறிது நேரம் மென்மை நிற்கும். காலையில் ஏழு மணிக்குச் செய்ததை மாலை நான்கரைக்கு எடுத்துச் சுவைத்துப் பார்த்தே இவற்றை எழுதியிருக்கிறேன். கடுங்கோடையில் மட்டும் தேங்காயை விட்டுவிட்டு, வறுத்த மல்லாட்டையை உடைத்துப் போடுங்கள்; தேங்காய் வெப்பத்தில் ஊசிப்போகும்.

ஓய்வாக வீட்டில் இருக்கும் நாளில் அடை. புழுங்கலரிசி ஒரு டம்ளர், துவரம்பருப்பு, கடலைப்பருப்பு அரை அரை டம்ளர், உளுந்து கால். மூன்று மணி நேரம் ஊறினால் போதும். மாவைப் புளிக்கவைக்கவேண்டியதில்லை என்பது நம்மவர்க்கு இதிலுள்ள பெரிய வசதி. இரவு முழுதும் மாவு பொங்கக் காத்திராமல் அரைத்தவுடனே வார்க்கலாம். பாசிப்பயறு அடை விரும்புவோர் பயறை இரவெல்லாம் ஊறவிடாமல் நான்கு மணி நேரத்தில் அரைத்துவிடுங்கள். முளை கட்டுவதற்கு இடம் தரவேண்டா. நடுவில் துளையிட்டு நல்லெண்ணெய் விட்டு, குறைந்த தீயில் நின்று வேகவேண்டும். சவ்வாது மலைச் சாமை கிடைக்கும்போது அரிசியில் பாதிக்கு அதைச் சேர்ப்பேன். ஓரம் மொறுமொறுப்பாக வருகிறது.

‘சோதனை’ என்ற சொல்லுக்குப் பொருத்தமாக என் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. பெருங்காயத்தையும் தண்ணீர் அளவையும் ஒரே நாளில் மாற்றினால், நன்றாக வந்ததற்கு எது காரணம் என்று தெரியாமற் போகும். அளவை உடனே எழுதிவைப்பது. ‘ஒரு கை’, ‘கொஞ்சம்’ என்னும் சொற்களை என் குறிப்பேட்டில் நீங்கள் காணமாட்டீர்கள். நம் பாட்டிமார் ‘கொஞ்சம்’ என்று சொன்னால் அந்தக் கைக்கு அளவு தெரிந்திருந்தது. அந்தக் கை போன பிறகு ‘கொஞ்சம்’ என்னும் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூன்றாவது, எது எது என்று சொல்லாமல் உண்ணக் கொடுப்பது. வீட்டுக்காரரிடம் ‘இது சுரைக்காய் அடை’ என்று சொல்லிக் கொடுத்தால் உண்ணும் முன்பே முகம் சுளிப்பார். சொல்லாமல் கொடுத்தால் இரண்டாவது அடை கேட்பார். இது ஒரு முறை நடந்த செய்தியன்று. குறிப்பேட்டில் ஆறு இடத்தில் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. விலக்கியதன் வடிவத்தையும் பெயரையும் அப்படியே போலி செய்வது. வெங்காயப் பக்கோடா போலவே தோன்றும்படி எதையோ செய்து அதே பெயரில் படைத்தால், குழந்தையின் நாவு உண்மையானதையே தேடும். பிடி கொழுக்கட்டைக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. வேறொன்றின் நிழலாக நில்லாமல் தன் பெயரிலேயே நிற்கும் உணவு அது. கடையில் பொட்டலம் வாங்கும் இளையோர்க்கும் ஒரு சொல். உப்பேரி, மசாலாப் பொடி உறைகளின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள பட்டியலைப் படியுங்கள். வெங்காயத்தூள், பூண்டுத்தூள் என்று பல உறைகளில் இருக்கும். முன்புறத்தில் பச்சைப் புள்ளி இருப்பது அதைத் தடுக்காது.

அந்த மருமகளைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் இன்னும் வாரத்தில் இரண்டு நாள் வெளியில்தான் உண்கிறாராம். மற்ற நாள்களில் மதிய உணவோடு கொழுக்கட்டைப் பெட்டியும் அவருடன் செல்கிறது. அவருடன் வேலை செய்யும் ஒருவர் அளவு கேட்டு எழுதி வாங்கிக்கொண்டாராம். அவளுக்கு அதில்தான் மிகுந்த மகிழ்ச்சி.

மணி நான்கு ஆகிறது. பின்கட்டில் தாய்மார்கள் இரண்டு தட்டு கொழுக்கட்டை வைத்திருக்கிறார்கள். ஒன்றில் பெருங்காயம் உண்டு. மற்றொன்றில் மிளகும் கறிவேப்பிலையும் மட்டும். எது எந்தத் தட்டு என்று நான் சொல்லப்போவதில்லை. இரண்டையும் உண்டு பார்த்து, எது உங்கள் வீட்டுக்கு ஆகும் என்று வாயிலில் உள்ள ஏட்டில் எழுதிவிட்டுப் போங்கள். உபவாசம் இருப்போர் அளவு எழுதிய தாளை மட்டும் பெற்றுக்கொள்ளலாம். பொழுது சாய இன்னும் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கிறது. முதலில் பிள்ளைகளைக் கையலம்பி வரச் சொல்லுங்கள்.